1957இல் பெரம்பூருக்கு இரண்டு எம்.எல்.ஏ. இருந்தது எப்படி?

ஜமாலியாக்காரன்
எங்கள் பகுதி எம்.எல்.ஏ.க்களின் பட்டியலைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பேட்டை நூலகத்துக்குச் சிறு கையேடு ஒன்று செய்வதாகத் திட்டம். 1957க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பெரம்பூருக்கு நேரே இரண்டு பெயர்கள்: பக்கிரிசாமி பிள்ளை, சத்தியவாணி முத்து. இடையில் இடைத்தேர்தல் வந்ததோ என்று பார்த்தேன், அப்படி இல்லை. இருவரும் ஒரே தேர்தலில் ஜெயித்தவர்கள். தொகுதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொடுத்தார்களா? வாக்காளர் யாருக்குப் போட்டார்? இன்னொரு சந்தேகம்: சத்தியவாணி முத்து தி.மு.க. என்றுதான் நமக்குத் தெரியும். பட்டியலில் சுயேச்சை என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாசில்
கடைசிக் கேள்விக்கு முதலில். 1957 தி.மு.க. சந்தித்த முதல் தேர்தல். அப்போது அது அங்கீகாரம் பெற்ற கட்சி இல்லை, அதனால் ஆவணத்தில் அவர்கள் எல்லோரும் சுயேச்சைகள்தான். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கலைஞர், எழும்பூரில் அன்பழகன், ஆயிரம்விளக்கில் ஆசைத்தம்பி என்று ஜெயித்த 15 பேரில் பெரம்பூர் சத்தியவாணி முத்துவும் ஒருவர்.

இரண்டு பேர் விஷயம்: பெரம்பூர் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. தொகுதியை யாரும் பிரிக்கவில்லை. முழுத் தொகுதிக்கும் இரண்டு உறுப்பினர்கள், இரண்டு இடத்தில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. சாதி பார்த்து ஓட்டு இல்லை, எல்லோருக்கும் இரண்டு.

இது பெரம்பூருக்கு மட்டும் நடந்த விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். 1957இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 205 இடங்களுக்கு 167 தொகுதிகள்தான். அதில் 38 இரட்டைத் தொகுதிகள்: 37இல் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு, ஏற்காட்டில் ஒரு இடம் பழங்குடியினருக்கு. 1952இல் ஆந்திரமும் மலபாரும் நம்மோடு இருந்தபோது 375 இடங்கள், 309 தொகுதிகள், அதில் 66 இரட்டை. மக்களவைக்கும் இதே முறை. முதல் தேர்தலில் நாடு முழுவதும் 86 இரட்டைத் தொகுதிகள். மேற்கு வங்கத்தின் வடக்கு வங்காளம் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள்கூட இருந்தார்கள்: பொது ஒன்று, தாழ்த்தப்பட்டோர் ஒன்று, பழங்குடியினர் ஒன்று.

ஓட்டேரி முருகு
எங்கள் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1955இல் நேரு வந்து திறந்தாரே, அப்போது சேர்ந்த ஆள். "ஐம்பத்தேழில் கையில் ரெண்டு சீட்டு குடுத்தாங்க" என்று சொல்வார். ஒன்று சட்டமன்றத்துக்கு, ஒன்று பார்லிமென்டுக்கு என்று நான் புரிந்துகொண்டேன். இப்போதுதான் வேறு அர்த்தம் கிடைக்கிறது.

ஓய்வுபெற்ற தாசில்
முருகு, உங்கள் அப்பா சொன்னது சட்டமன்றத்துக்கே இரண்டு சீட்டு என்பதைத்தான். பார்லிமென்டுக்குத் தனிச் சீட்டு உண்டு. வடசென்னை மக்களவைத் தொகுதி ஒற்றைத் தொகுதி, அந்த வருஷம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணி பிள்ளை ஜெயித்தார்.

இப்போது பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் அன்று ஓட்டுப் போட்ட விதமே வேறு. சீட்டில் வேட்பாளர் பெயரோ சின்னமோ இருக்காது, முத்திரை குத்தும் வேலையும் இல்லை. மறைப்புக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். முத்திரை குத்தும் முறை எல்லா இடத்துக்கும் வந்தது 1962 பொதுத்தேர்தலில்.

இரட்டைத் தொகுதியில் இரண்டு சீட்டையும் இரண்டு வேறு பெட்டிகளில் போட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டையும் போட்டால் ஒன்றுதான் எண்ணப்படும், மற்றது செல்லாது. ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டு மற்றதை வீணாக்கினால் தடையில்லை. எல்லா வில்லங்கமும் இங்கேதான் ஆரம்பித்தது.

அப்புறம் எண்ணும் வரிசை. யார் அதிக ஓட்டு என்று மேலிருந்து இரண்டு பேரை எடுப்பதில்லை. முதலில் ஒதுக்கப்பட்ட இடத்தை நிரப்புவார்கள்: தாழ்த்தப்பட்ட வகுப்பு வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் அதற்கு. பிறகு மிச்சம் இருக்கும் எல்லோரிலும் யார் அதிகமோ அவர் இரண்டாவது இடத்துக்கு.

ஜமாலியாக்காரன்
சார், இந்த வரிசை முக்கியம் என்று படுகிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? கையேட்டில் பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

ஓய்வுபெற்ற தாசில்
ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பொது வேட்பாளர்கள் இருவர்: 40,000 மற்றும் 38,000 ஓட்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பு வேட்பாளர்கள் இருவர்: 30,000 மற்றும் 20,000. முதலில் 30,000 வாங்கியவர் ஒதுக்கீட்டு இடத்துக்கு வருவார். அடுத்து 40,000 வாங்கியவர். 38,000 வாங்கியவர் வீட்டுக்குப் போவார். மக்கள் எதிர்பார்த்தது இதைத்தான்.

இப்போது மாற்றுங்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பு வேட்பாளர்கள் 42,000, 41,000. பொது வேட்பாளர்கள் 40,000, 38,000. முதல் இடம் 42,000க்கு. இரண்டாவது இடம் மிச்சம் இருப்பவர்களில் அதிகமானவருக்கு, அதாவது 41,000க்கு. இரண்டு இடமும் தாழ்த்தப்பட்ட வகுப்புக்கே போகும். சட்டத்தின் எழுத்து இதைத் தடுக்கவில்லை.

பாரிமுனை வக்கீல்
தாசில் சாரின் இரண்டாவது கணக்கு வெறும் கற்பனை இல்லை. அப்படியே நடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தோற்றவர் யார் தெரியுமா? பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி.

1957 மக்களவைத் தேர்தல், ஆந்திராவின் பார்வதிபுரம். பழங்குடியினருக்கு ஓர் இடம் ஒதுக்கிய இரட்டைத் தொகுதி. கிரி சாதாரண ஆள் இல்லை. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் இதே சென்னையில் மந்திரி, 1952க்குப் பிறகு மத்தியில் தொழிலாளர் மந்திரி. பார்வதிபுரத்தில் முதல் இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்கள் பிடித்தார்கள்: பித்திகா சத்தியநாராயணா, திப்பல சூரி தோரா. கிரி சில நூறு ஓட்டில் மூன்றாவது.

கிரியின் வாதம் நியாயமாகவே தோன்றும். சூரி தோரா ஒதுக்கப்பட்ட இடத்துக்கு என்று உறுதிமொழி கொடுத்து நின்றவர், அவரை எப்படிப் பொது இடத்துக்கு அறிவிக்கலாம், பொது இடம் எனக்குத்தானே வர வேண்டும் என்றார். 1959இல் பெரும்பான்மை நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. தேர்தல் ஒன்றுதான், வாக்காளர்களும் ஒன்றுதான், எல்லா வேட்பாளர்களும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். ஒதுக்கீடு என்பது அந்த மக்களுக்கு ஓர் இடமாவது நிச்சயம் என்ற உறுதி. அதற்கு மேல் அவர்கள் வந்தால் தடுக்க அது வேலி இல்லை. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். என் கருத்தில் ஒதுக்கீடு பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகத் தெளிவான தீர்ப்புகளில் இது ஒன்று.

தீர்ப்பு வந்தது 1959. இரட்டைத் தொகுதி ஒழிப்புச் சட்டம் வந்தது 1961. அந்த வருஷத்தின் 1ஆம் எண் சட்டமே அதுதான்.

செம்பியம் கலை
வக்கீல் சார் போட்ட அந்தக் கடைசி இரண்டு வரிகளை யாரும் வேகமாகத் தாண்டிப்போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் இடம் என்பது அடித்தளம், கூரை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஆட்கள் பொது இடத்தையும் பிடிக்க முடியும் என்று பார்வதிபுரம் காட்டிவிட்டது. உடனே என்ன செய்தார்கள்? தொகுதியை இரண்டாக வெட்டி, ஒன்றைத் தனித் தொகுதி ஆக்கினார்கள். அதோடு அடித்தளமே கூரை ஆகிவிட்டது. சட்டப்படி இன்றும் ஒரு தலித் வேட்பாளர் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். எந்தக் கட்சி நிறுத்துகிறது? "உங்களுக்குத்தான் தனித் தொகுதி இருக்கே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் கட்சி வேலை செய்தவள், இந்த வார்த்தையை நேரில் கேட்டவள்.

இரட்டைத் தொகுதியில் வேளாளரோ நாயுடுவோ முதலியாரோ, பொது வேட்பாளர் யாராக இருந்தாலும் சேரிக்கு வந்து ஓட்டுக் கேட்டே ஆக வேண்டும். சேரியின் வேட்பாளரும் ஊருக்குள் போய்க் கேட்டே ஆக வேண்டும். ஒருவர் ஓட்டு இன்னொருவருக்குத் தேவை. இது சின்ன விஷயமா?

குடியாத்தம் இளங்கோ
இப்போது அம்பத்தூரில் இருந்தாலும் ஊர் குடியாத்தம். எங்கள் ஊரும் இரட்டைத் தொகுதிதான். 1954இல் காமராஜர் முதல்வர் ஆனபோது சட்டமன்றத்துக்கு வர ஓர் இடம் வேண்டியிருந்தது. குடியாத்தத்தில் ஓர் இடம் காலியானது, அங்கே நின்று ஜெயித்தார். பெரியாரும் ஆதரித்தார், அண்ணாவின் தி.மு.க.வும் எதிர்க்காமல் ஆதரித்தது. அந்த இடைத்தேர்தலில் வாக்காளருக்கு ஒரே ஓட்டு, ஏனென்றால் இன்னொரு இடத்தில் உறுப்பினர் இருந்தார். ஊரில் பெரியவர்கள் "காமராஜர் எங்க எம்.எல்.ஏ." என்று இன்றும் சொல்வார்கள். கூட இருந்த இன்னொருவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு, எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

பாரிமுனை வக்கீல்
கலை அம்மா, உங்கள் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் 1961 சட்டத்துக்கு ஒரே காரணம் பார்வதிபுரம் என்று எழுதினால் வரலாறு குறுகிவிடும். வேறு காரணங்களும் உண்மையானவை.

ஒன்று, பரப்பு. ஆரம்பத்தில் அரசியலமைப்பு வகுத்த கணக்கில் மக்களவைக்கு ஐந்து லட்சத்திலிருந்து ஏழரை லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். இரட்டைத் தொகுதி என்றால் பத்து முதல் பதினைந்து லட்சம் பேர். காரும் பணமும் இல்லாத வேட்பாளர் அதில் எப்படிச் சுற்றுவார்? இந்தச் சுமை அதிகம் விழுந்தது தாழ்த்தப்பட்ட வகுப்பு வேட்பாளர்கள் மேல்தான். பணம் உள்ள பொது வேட்பாளரின் வண்டியில் ஏறி, அவர் மேடையில் ஓரமாக நின்று ஓட்டுக் கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டு, நீங்கள் சொல்லும் அந்தப் பரஸ்பரத் தேவை பல இடங்களில் நடக்கவில்லை. 1952இல் அம்பேத்கருக்கே என்ன நேர்ந்தது? வடக்கு பம்பாய் இரட்டைத் தொகுதியில் அவரும் சோஷலிஸ்ட் அசோக் மேத்தாவும் ஜோடியாக நின்றார்கள். ஒதுக்கீட்டு இடத்தில் காங்கிரஸின் கஜ்ரோல்கர் ஜெயித்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமல் போயின. இரண்டாவது சீட்டை வீணாக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தார்கள் என்று தேர்தல் மனுவே போடப்பட்டது. 1954இல் பண்டாரா இடைத்தேர்தல், அதுவும் இரட்டைத் தொகுதி. அசோக் மேத்தா ஜெயித்தார், கூட நின்ற அம்பேத்கர் தோற்றார். அரசியலமைப்பை எழுதியவருக்கே இரண்டாவது ஓட்டைத் தர ஊர் தயாராக இல்லை.

செம்பியம் கலை
அம்பேத்கர் தோற்றது எனக்குத் தெரியாததில்லை சார், எங்கள் வீட்டில் அது சோற்றோடு ஊட்டிய கதை. ஆனால் அதே முறையில் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்றும் பாருங்கள்.

1957இல் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி இரட்டை. பொது இடத்தில் சுயேச்சையாக அ.கிருஷ்ணசாமி. ஒதுக்கீட்டு இடத்தில் என்.சிவராஜ். சென்னை மேயராக இருந்தவர், அம்பேத்கரோடு நின்று பட்டியல் சாதிக் கூட்டமைப்பை நடத்தியவர். காங்கிரஸ் தயவு இல்லாமல் பார்லிமென்டுக்குப் போனார். சிதம்பரத்தில் இளையபெருமாள், அவர் காங்கிரஸ்தான். அதற்கு முன் 1952இல் கடலூர் இரட்டைத் தொகுதியிலிருந்து போனவர். பின்னால் தீண்டாமை பற்றி நாடு முழுவதும் விசாரித்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவர். அந்த அறிக்கை இன்றும் படிக்கப்படுகிறது.

பெரம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னி மில் கூலிகள், ரயில்வே தொழிலாளர்கள், புளியந்தோப்பு, ஓட்டேரி. 1918இல் திரு.வி.க.வும் வாடியாவும் தொழிற்சங்கம் கட்டிய மண். 1921 பின்னி வேலைநிறுத்தத்தில் இதே மண்ணில்தான் ஆதிதிராவிடத் தொழிலாளரும் சாதி இந்துத் தொழிலாளரும் எதிரெதிராக நின்றார்கள், ரத்தம் சிந்தியது. முப்பத்தாறு வருஷம் கழித்து அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு சீட்டு வாங்கி, ஒரு பிள்ளைமாரையும் ஒரு தலித் பெண்ணையும் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஓட்டேரி முருகு
கலை அக்கா, இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. அப்பா அந்த இரண்டு சீட்டையும் யார் யார் பெட்டியில் போட்டார் என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்றிருக்கிறது.

ஜமாலியாக்காரன்
ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். "இரட்டை வாக்குரிமை" என்று தலித் கூட்டங்களில் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பாரிமுனை வக்கீல்
இல்லை. கையேட்டில் இதைக் கலந்துவிடாதீர்கள், பலரும் கலக்கிறார்கள்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் தாழ்த்தப்பட்டோருக்கு இரண்டு ஓட்டு: ஒன்று பொதுத் தொகுதியில் எல்லோரோடும், இன்னொன்று தங்கள் பிரதிநிதியைத் தாங்கள் மட்டுமே தேர்ந்தெடுக்க. இரண்டு ஓட்டு அவர்களுக்கு மட்டும். காந்தியின் உண்ணாவிரதம், செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தம், அதோடு அது போயிற்று. பதிலாக இடங்களின் எண்ணிக்கை கூடியது. மாகாணச் சபைகளில் 71 என்றிருந்தது 148 ஆனது, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால் தேர்ந்தெடுப்பது எல்லோரும் சேர்ந்து. முதற்கட்டத்தில் மட்டும் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் நான்கு பேரைத் தேர்ந்து அனுப்புவார்கள், இறுதியில் பொது வாக்காளர்கள் அந்த நால்வரில் ஒருவரைத் தேர்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த முதற்கட்டமும் இல்லை.

1952, 57 இரட்டைத் தொகுதியில் இரண்டு ஓட்டு எல்லோருக்கும். அதனால் எண்ணிக்கையில் அதிகமான சாதி இந்துக்களே இரண்டு உறுப்பினரையும் தீர்மானிக்க முடியும். 1932இல் கிடைத்து எடுக்கப்பட்ட உரிமை வேறு, இது வேறு.

செம்பியம் கலை
இந்த விளக்கத்தில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தாழ்த்தப்பட்டோர் தலைவர்களில் எம்.சி.ராஜா ஒரு பக்கம், ரெட்டமலை சீனிவாசன் ஒரு பக்கம் என்று இதே சென்னையில் அந்த விவாதம் எவ்வளவு சூடாக நடந்தது என்று தனி இழையே போடலாம்.

ஓய்வுபெற்ற தாசில்
இன்னும் பின்னால் போனால் இடஒதுக்கீட்டோடு கூடிய பல உறுப்பினர் தொகுதி நம் மாகாணத்துக்கு 1920இலேயே வந்துவிட்டது. ஒதுக்கீடு யாருக்கு? பிராமணரல்லாதாருக்கு! நீதிக்கட்சி பிராமணரல்லாதார் மட்டுமே ஓட்டுப் போடும் தனித்தொகுதி கேட்டது, பிராமணத் தலைவர்கள் மறுத்தார்கள். மெஸ்டன் பிரபு மத்தியஸ்தம் செய்து, பல உறுப்பினர் தொகுதிகளில் 28 இடங்களை ஒதுக்கினார். தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்தது. மொத்தம் 98 தேர்ந்தெடுக்கும் இடங்களில் நீதிக்கட்சி 63ஐப் பிடித்தது. ஒதுக்கீடு தேவைப்படாத அளவுக்குப் பிராமணரல்லாதார் உள்ளே வந்துவிட்டார்கள். பார்வதிபுரத்தில் நடந்ததும் சின்ன அளவில் அதேதானே? 1920இல் அதற்காக யாரும் தொகுதியை வெட்டவில்லை. கலை சொல்வதில் உள்ள நியாயம் எனக்கு இந்த ஒப்பீட்டில்தான் உறைக்கிறது.

பாரிமுனை வக்கீல்
நல்ல ஒப்பீடு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தனித் தொகுதி வந்ததால் ஒரு லாபமும் உண்டு: அந்தத் தொகுதிக்கு அவர்தான் எம்.எல்.ஏ., வேறு யாரும் இல்லை. ரோடு, பள்ளிக்கூடம், பட்டா எதுவானாலும் அவரிடம்தான் வர வேண்டும். குடியாத்தம் இளங்கோ சொன்னாரே, இரண்டாவது ஆளின் பெயர் மறந்துபோகிறது என்று, அந்த நிலை தனித் தொகுதியில் இல்லை.

செம்பியம் கலை
பெயர் நிலைக்கும், சரி. ஆனால் அந்த எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பான்மை ஊர்தான், அவர் ஊருக்கு எதிராக வாய் திறந்தால் அடுத்த முறை சீட் இல்லை. ஒதுக்கீட்டு இடம் எல்லாத் தொகுதிகளிலும் எங்கள் மக்களுக்குக் கூடுதலாக ஒரு கதவாக இருந்திருக்கலாம். இப்போது குறிப்பிட்ட தொகுதிகளில் மட்டும் திறக்கும் கதவு. இரண்டு முறையில் எது சிறந்தது என்று கேட்டால், வாக்காளர் கையில் இரண்டு சீட்டு இருந்த முறையைச் சீர்செய்திருக்கலாம், வெட்டியெறிந்திருக்க வேண்டாம் என்பேன். பரப்பைக் குறைத்திருக்கலாம். இரண்டு ஓட்டையும் போட்டால்தான் செல்லும் என்று ஆக்கியிருக்கலாம்.

பாரிமுனை வக்கீல்
அந்தக் கடைசி யோசனைக்கு என் ஆதரவும் உண்டு.

ஜமாலியாக்காரன்
கையேட்டுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: 1961க்குப் பிறகு பெரம்பூர் என்ன ஆனது?

ஓய்வுபெற்ற தாசில்
1962இல் எல்லாமே ஒற்றைத் தொகுதிகள். பெரம்பூர் பின்னால் நீண்ட காலம் தனித் தொகுதி. 1967இல் சத்தியவாணி முத்து அங்கே தி.மு.க. சார்பில் மறுபடி ஜெயித்து அண்ணா அமைச்சரவையில் மந்திரி ஆனார். 1974இல் கட்சியை விட்டு விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கினார், அது பிறகு அ.தி.மு.க.வில் சேர்ந்தது. 1979இல் சரண் சிங் அரசில் மத்திய மந்திரி. திராவிடக் கட்சியிலிருந்து மத்திய அமைச்சரவைக்குப் போன முதல் இருவரில் ஒருவர் அவர். பாலா பழனூர் மற்றவர்.

2008 மறுவரையறையில் பெரம்பூர் பொதுத் தொகுதி ஆகிவிட்டது. இப்போது சென்னையில் தனித் தொகுதிகள் எழும்பூரும் திரு.வி.க. நகரும். உங்கள் பட்டியலில் 1957க்கு நேரே இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். ஒருவர் பெயரை அடைப்புக்குள் போட்டுவிடாதீர்கள்.